முழுகிப்போன நிலத்தைப் படிப்பவர்கள்: புவியியல் துறைக்குக் கடலில் என்ன வேலை?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஒரு தாயார் இரண்டு கேள்விகளை அனுப்பியிருந்தார். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்த அவருடைய மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் (பாறையையும் மண்ணையும் ஆராயும் ஜியாலஜி) படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பையனுக்குக் கடல் பக்கம் போக ஆசை. ஆனால் அவனுடைய தாய்மாமா, புவியியல் துறை என்றாலே மலையும் சுரங்கமும்தான், கடலில் எண்ணெய்க் கம்பெனிக்காரனுக்கு மட்டுமே வேலை என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். அது சரியா என்பது முதல் கேள்வி. வீட்டுச் சன்னல் வழியே தெரியும் கடலில் மணலைக் கொட்டித் தீவு எழுப்புகிறார்களே, அந்தக் கடலடி எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே யாராவது பார்த்து வைத்திருக்கிறார்களா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டாவது கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் முதல் கேள்விக்கும் அதிலேயே பதில் வந்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் அரசுத் துறை அதிகாரி அல்லன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்த அடிப்படையில் கடலடி ஆய்வுப் படகுகளில் வேலை பார்த்தவன்.

மாமா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மலேசியக் கடலில் ஆழத் துளையிட்டு எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பது 1974ஆம் ஆண்டின் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டப்படி அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் பொறுப்பு. கப்பல் தரைதட்டாமல் போவதற்கான கடல் வரைபடங்களை அரச மலேசியக் கடற்படையின் கீழ் இயங்கும் தேசிய நீர்ப்பரப்பு அளவை மையம் தயாரிக்கிறது. முன்னவர்களுக்கு வேண்டியது கடலடிக்குக் கீழே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பாறை. பின்னவர்களுக்கு வேண்டியது கடலடிக்கு மேலே நிற்கும் நீரின் ஆழம். இவ்விரண்டுக்கும் நடுவில், கடலடியிலிருந்து சில பத்து மீட்டர் வரைக்கும் சேறும் களியும் மணலும் சரளையும் மாறி மாறிப் படிந்த ஒரு போர்வை இருக்கிறது. பாலத்தின் தூண் இறங்குவதும், கண்ணாடியிழைக் கேபிள் புதைவதும், தீவு எழுப்பக் கொட்டுகிற மணல் கிடைப்பதும், கெராங் சிப்பி வளர்வதும் இந்தப் போர்வையில்தான். யாருக்கும் அவசரத் தேவை எழுவதற்கு முன்பே அதைப் படித்து, வரைந்து, எடுத்த மாதிரிகளைப் பாதுகாத்து வைக்கிற பொறுப்பு ஒரு நாட்டின் புவியியல் துறைக்கு உரியது. மலேசியாவில் அந்தத் துறையின் பெயர் கனிமவளம், புவி அறிவியல் துறை. பேச்சில் எல்லாரும் ஜே.எம்.ஜி. என்றே சொல்வார்கள்.

துறையின் வரலாற்றை மாமா தெரிந்து வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது பிறந்தது ஈயத்துக்காகத்தான் (இங்கே ஈயம் என்பது வெள்ளீயம், அதாவது டின்). 1903இல் ஸ்கிரிவனர் என்ற ஆங்கிலேயர் மலாய்க் கூட்டு மாநிலங்களின் புவியியலாளராக நியமிக்கப்பட்டார். பேராக்கின் பத்து காஜாதான் அலுவலகம். பிற்காலத்தில் புவியியல் ஆய்வுத் துறையும் சுரங்கத் துறையும் தனித்தனியே இயங்கி, 1999இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஈயத்துக்காகப் பிறந்த துறை கடலுக்குள் இறங்கியதற்கும் ஈயம் ஒரு காரணம். ஈயத் தாது தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு கனமானது. மலைப்பாறை உதிர்ந்து ஆற்றோடு அடித்து வரும்போது அது தூரம் போகாமல் ஆற்றுப் படுகையிலேயே தங்கிவிடும். அந்த ஆறுகள் இன்றைய கடற்கரையோடு நின்றவை அல்ல. அவற்றின் பழைய தடங்கள் கடலுக்கு அடியிலும் நீள்கின்றன. இந்தோனேசியாவின் பங்கா, பெலித்தோங் தீவுகளைச் சுற்றிலும் தாய்லாந்தின் புக்கெட் கரையோரத்திலும் கடலடியிலிருந்தே ஈயம் வாரினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆறு எப்படிக் கடலுக்கு அடியில் ஓடியிருக்க முடியும்? நம் கடலை மற்ற கடல்களிலிருந்து வேறுபடுத்துகிற செய்தியே இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகின் நீரில் ஒரு பங்கு வட துருவத்தை ஒட்டிய நிலப்பரப்புகளின் மேல் பனிப்பாளமாக உறைந்து கிடந்தது. அப்போது கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பினாங்குக்கும் சுமத்ராவுக்கும் இடையே உள்ள கடலின் பெரும்பகுதி 100 மீட்டருக்கும் குறைவான ஆழமுடையது. ஆகவே அன்றைக்கு மலாக்கா நீரிணை என்ற ஒன்று இங்கே இல்லை. ஆறுகள் வளைந்து ஓடிய ஒரு சமவெளிதான் இருந்தது. பினாங்குக் கொடிமலை தீவின் மலையாக இல்லாமல், அந்தச் சமவெளியில் எழுந்த கருங்கல் குன்றாக நின்றது. தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலமாக இருந்த அந்தப் பரப்பைச் சுண்டாலாந்து என்கிறோம். அதன் மேல் ஓடிய ஆறுகளின் தடங்கள் கடலடியில் இருப்பதை மோலன்கிராஃப் என்ற டச்சுப் புவியியலாளர் 1921லேயே எடுத்துக் காட்டினார். தென்சீனக் கடல் பக்கத்தில் இருக்கும் சுண்டா கண்டத்திட்டில், அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடியில், எடுத்த மண் மாதிரிகளிலிருந்து, 14,600 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்குள் கடல் 16 மீட்டர் உயர்ந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு பாட்டி தன் வாழ்நாளில் மூன்று நான்கு மீட்டர் உயர்வைப் பார்த்திருப்பாள் என்று அதற்குப் பொருள். தமிழ்நாட்டில் கடல்கொண்ட நிலம் பற்றிப் பேசும்போது நமக்கு உணர்ச்சி முந்திக்கொண்டு வரும். இங்கே காலடியில் கிடப்பது உண்மையிலேயே கடல்கொண்ட நிலம். அதற்குச் சான்று குழாய் குழாயாகக் கிடைக்கிறது.

கடல் இன்றைய மட்டத்தோடு நின்றுவிடவும் இல்லை. ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன்பு அது இன்றையதைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்து, பிறகு மெல்லப் பின்வாங்கியது. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் வடக்கே குவார் கெப்பா என்ற இடத்தில் கற்கால மனிதர்கள் தின்று குவித்த சிப்பி மேடுகள் உள்ளன. 2017இல் அங்கே ஒரு பெண்ணின் எலும்புக்கூடும் கிடைத்தது. அந்த மேடுகளை உயர்ந்து நின்ற அந்தக் கடலை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வரவும் போக்கும் மண்ணில் அடுக்கடுக்காகப் பதிவாகியிருக்கிறது. 1980களில் துறையில் பணியாற்றிய சுந்தரலிங்கம் என்ற புவியியலாளர் தைப்பிங் வட்டாரக் கரையோரச் சமவெளியை ஆராய்ந்து அந்த அடுக்குகளுக்கு வைத்த பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. கரையோர மண்ணறிக்கைகளில் அந்த மூன்று பெயர்களும் அடிக்கடி எதிர்ப்படும். கீழே கிடப்பது சிம்பாங் அடுக்கு; கடல் தாழ்ந்திருந்த காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து போட்ட சரளையும் மணலும் கெட்டிக் களியும் அதில் இருக்கும். மேலே கிடப்பது கூலா அடுக்கு. பேராக் கரையின் கோலா கூலாவை வைத்து வந்த பெயர். கடல் ஏறி வந்தபின் படிந்த, சாம்பலும் பச்சையும் கலந்த நிறமுடைய, சிப்பித் துண்டுகள் விரவிய மென்மையான களி அது. அதே காலத்தில் ஆற்றோரங்களில் படிந்தது புருவாஸ் அடுக்கு. பொதுவாகச் சொன்னால், பாயான் லெப்பாஸ் சன்னலிலிருந்து தெரியும் கடலில் முதலில் இறங்குவது இந்தக் கூலாக் களியில். அதைத் தாண்டிய பிறகுதான் கால் ஊன்றக் கூடிய பழைய நிலம். மேலுள்ள களி ஓரிடத்தில் 5 மீட்டரும் அடுத்த இடத்தில் 20 மீட்டரும் இருக்கலாம், ஏனென்றால் கடல் வந்து மூடியது சமதளத்தை அல்ல, மேடும் பள்ளமும் ஆற்றுக் கால்வாயும் உள்ள நிலத்தை. கடலடி மேலே பார்க்கத் தட்டையாகவே இருக்கும். ஏமாந்துபோகிற இடம் அதுதான்.

இதைக் கண்டுபிடிக்கிற முறை ஒலியில் தொடங்குகிறது. தண்ணீருக்குள் ஒளி வெகுதூரம் போகாது, ஒலி போகும். அதன் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். படகின் அடியிலிருந்து விசிறிபோல் பல கற்றைகளாக ஒலியை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தை அளந்தால் கடலடியின் மேடுபள்ளம் தெரியும். பக்கவாட்டில் அனுப்பும் சோனாரில் கடலடியின் தன்மை தெரியும்: மணல் கரகரவென்று வெளுத்தும், சேறு கறுத்தும், கைவிட்ட நங்கூரம் நிழலோடும் தோன்றும். இவையெல்லாம் மேற்பரப்போடு நின்றுவிடும். கீழே ஊடுருவ வேண்டுமானால் தாழ்ந்த அதிர்வெண் வேண்டும். அதற்கென உள்ள கருவியைப் படகின் பின்னால் இழுத்துக்கொண்டு போனால், நொடிக்கு இரண்டு மூன்று தடவை டக் டக் என்று அது தட்டிக்கொண்டே வரும். அந்தத் தட்டலைப் பகல் முழுதும் கேட்டவனுக்கு இரவு தூக்கத்திலும் கேட்கும். திரையில் அந்த ஒலி ஒவ்வொரு அடுக்கின் எல்லையையும் கோடாக வரைந்துகொண்டு போகும். ஒரு பழைய ஆற்றுப் பள்ளத்தின் மேல் படகு கடக்கும்போது கோடு திடீரென்று கிண்ணம்போல் குழிந்து மறுபடி எழும்.

படகை நேர்கோட்டில் ஓட்டுவதே ஒரு கலை. கோடுகளை இணையாக வகுத்துக்கொண்டு வயல் உழுவதுபோல் போய்த் திரும்ப வேண்டும். அவற்றைக் குறுக்காக வெட்டும் கோடுகளும் சில ஓட வேண்டும். இரண்டு கோடுகள் சந்திக்கும் புள்ளியில் ஆழம் ஒத்துவரவில்லையென்றால் எங்கோ தவறு. பினாங்கில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருக்குக் காலத்தில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 2 மீட்டர் வித்தியாசம் உண்டு என்பதால், காலையில் அளந்ததையும் மாலையில் அளந்ததையும் ஏற்றவற்றக் கணக்கைக் கழிக்காமல் ஒட்டவே முடியாது. மழை கொட்டிய மறுநாள் இன்னொரு தொல்லை வரும்: பிறை ஆறும் மூடா ஆறும் கொண்டுவந்து ஊற்றிய நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்து ஒலியின் வேகத்தை மாற்றிவிடும், தட்டையான கடலடி திரையில் புன்னகை செய்வதுபோல் வளைந்து தோன்றும். போதாக்குறைக்கு மீனவர்களின் புபு என்ற மீன்பொறிக் கூடுகளும் வலைகளும் எங்கும் கிடக்கும். எங்களுடைய இழுவைக் கருவி ஒருமுறை வலையில் மாட்டி, அதை அறுக்காமல் எடுத்துக் கொடுக்க அரை நாள் ஆயிற்று. வலைக்காரர் சம்பானை ஒட்டிக்கொண்டு வந்து, திட்டி முடித்த பிறகு, இந்த இடத்தில் தரை சேறு, வடக்கே இருநூறு அடி போனால் மணல் என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். பிறகு பார்த்தோம், அவர் சொன்னது சரி.

ஒலி தோற்றுப்போகும் இடமும் உண்டு. பழைய பக்காவ் (அலையாத்தி) காடுகள் சேற்றில் புதைந்து அழுகிய இடங்களில் மீத்தேன் வாயு மண்ணுக்குள் நுண்குமிழிகளாகத் தங்கியிருக்கும். அந்தக் குமிழிகள் ஒலியை விழுங்கியும் சிதறடித்தும் விடுவதால், அவற்றுக்குக் கீழே உள்ளது எதுவும் தெரியாமல் திரையில் ஒரு கறுப்புத் திரைச்சீலை தொங்கும். அனுபவமில்லாதவர்கள் அதைப் பாறை என்று வரைந்துவிடுவார்கள். ஆகவே ஒலி சொல்வதைக் கையால் தொட்டுப் பார்க்கும்வரை கடலடி வரைபடத்தை நம்பக்கூடாது என்பது இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம். முற்காலத்து மாலுமிகளுக்கே இது தெரிந்திருந்தது: ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டி இறக்கும் காரீயக் குண்டின் அடியில் மாட்டுக் கொழுப்பைத் தடவி விடுவார்கள், அதில் ஒட்டிக்கொண்டு வருவது மணலா சேறா சிப்பியா என்று பார்த்து, ஆழ எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் குறித்து வைப்பார்கள்.

இன்று மேல்மண்ணுக்கு இரண்டு இரும்புத் தாடைகள் கொண்ட அள்ளி, கீழ்மண்ணுக்குக் கோர் குழாய். கனமான குழாயைச் செங்குத்தாகக் கடலடியில் இறக்கினால், சேறாக இருந்தால் தன் கனத்தாலேயே இறங்கும். மணலாக இருந்தால் அதிர்வு கொடுத்து இறக்க வேண்டும். மேலே இழுத்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து, கத்தியால் ஒரு வழித்து வழித்தால்தான் முகம் தெரியும். ஒரு குழாயை நான் இன்னும் மறக்கவில்லை. மேலே இரண்டு மீட்டருக்கும் அதிகமாக ஒரே சாம்பல் களி, விரலை வைத்தால் வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. அதற்குக் கீழே ஒரு சாண் அளவுக்குக் கரும்பழுப்பில் ஓர் அடுக்கு, அழுகிய முட்டை வாடை, அதற்குள் பக்காவ் வேரின் நார் ஒவ்வொன்றும் நேற்று அறுத்ததுபோல். அதற்கும் கீழே செம்புள்ளி விழுந்த கெட்டிக் களி, கத்தி ஏறவில்லை. செம்புள்ளி என்றால் அந்த மண் ஒரு காலத்தில் காற்றுப் பட்டுக் காய்ந்திருக்கிறது, அதாவது வெயிலில் கிடந்த நிலம். நிலம், அதன் மேல் பக்காவ் காடு, அதன் மேல் கடல்: கடல் ஏறி வந்த கதை முழுவதும் ஒரே குழாய்க்குள் இருந்தது.

மண்ணைக் கடித்துப் பார்ப்போம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மிக நுண்ணிய வண்டலுக்கும் களிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் சரியாகத் தெரியாது. முன்பல்லில் ஒரு துளி வைத்து அரைத்தால் வண்டல் நறநறக்கும், களி வழவழப்பாக இழையும். ஆய்வகத்தில் நீரில் கலக்கிப் படியவிட்டு அளந்து சொல்வதைப் படகிலேயே ஓரளவு சொல்லிவிடலாம். (துறைமுகத்துக்குப் பக்கத்தில் எடுத்த சேற்றை மட்டும் யாரும் வாயில் வைப்பதில்லை.)

கரைக்கு வந்த பிறகு நடக்கும் வேலை மெதுவானது. சல்லடை அளவுகள் பார்க்கப்படும்; உப்பும் கரிமப் பொருளும் அளக்கப்படும்; பக்காவ் நாரிலிருந்து கரிமம்-14 முறையில் வயது கணிக்கப்படும்; ஃபோராமினிஃபெரா என்ற கண்ணுக்குத் தெரியாத ஓட்டு உயிரிகளை எண்ணிப் பார்த்து, அந்த அடுக்கு படிந்தபோது நீர் உப்பா, கலப்பு நீரா, ஆழமா, ஆழமற்றதா என்று சொல்லப்படும். கனத்த கனிமங்களைப் பிரித்தெடுத்து ஈயத் தாது, இல்மனைட், சிர்கான், மோனசைட் எவ்வளவு என்று பார்ப்பதும் உண்டு.

இப்போது தீவுக் கேள்விக்கு வருகிறேன். பினாங்குத் தெற்கில் மூன்று தீவுகளாகத் தொடங்கிய திட்டம் 2023இல் ஒன்றாகச் சுருங்கியதும், அந்த ஆண்டே வேலை தொடங்கியதும் செய்திகளில் வந்தவை. அங்கே அடித்தளம் பார்க்கப்பட்டதா என்று கேட்டால், பார்க்காமல் எவராலும் தொடங்க முடியாது. கட்டுகிறவர் தம் செலவில் துளையிட்டுச் சோதிப்பார். நான் மேலே சொன்ன மென்களி நீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்திருக்கும். அதன் மேல் மணல் சுமையை ஏற்றினால் நீர் மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறும், நிலம் அமிழும். விட்டுவிட்டால் அது பல பத்தாண்டுகள் அமிழ்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் களிக்குள் செங்குத்தாக வடிகால் பட்டைகளை நெருக்கமாகச் செருகி, நீர் வெளியேறும் தூரத்தைக் குறைத்து, அமிழ வேண்டியதை முன்கூட்டியே அமிழ வைக்கிறார்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக உயர்த்தினால் என்ன ஆகும் என்பதை ஜொகூரின் மூவார் சமவெளியில் 1980களின் இறுதியில் நெடுஞ்சாலைக்காக நடத்திய சோதனை காட்டியது. இதே வகைக் களியின் மேல் ஒரு கரையை வேண்டுமென்றே உடையும்வரை உயர்த்தினார்கள். ஐந்து மீட்டரைச் சற்றே தாண்டியதும் உடைந்தது. எந்த உயரத்தில் உடையும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும்படி பல நாட்டு நிபுணர்களைக் கேட்டிருந்தார்கள். கணிப்புகள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டன. 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர்ப் பினாங்குப் பாலமும், 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலமும் இந்தக் களியில் நிற்கவில்லை. களியை ஊடுருவிக் கீழே உள்ள கெட்டி நிலம் வரை இறக்கிய தூண்களின் மேல் நிற்கின்றன.

கட்டுகிறவர் சோதிப்பதற்கும் துறை படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். கட்டுகிறவர் தம் வேலி எல்லைக்குள் மட்டும் பார்ப்பார். அந்த மணல் எந்தக் கடலடியிலிருந்து வருகிறது, அங்கே எவ்வளவு இருக்கிறது, எடுத்த பள்ளம் மறுபடி நிரம்புமா என்பவை வேலிக்கு வெளியே உள்ள கேள்விகள். நீரிணையில் இன்று ஓதநீரோட்டத்தால் நகர்ந்துகொண்டிருக்கும் மணல் அலைகள் உண்டு; பனியுகத்து ஆறு போட்டுவிட்டுப்போன மணலும் உண்டு. இரண்டாவது வகையை எடுத்தால் எடுத்ததுதான், அதைக் கொண்டுவந்த ஆறே இப்போது இல்லை. சட்டமும் எல்லையை வகுக்கிறது: 2012ஆம் ஆண்டின் ஆட்சிக் கடல் சட்டப்படி 3 கடல் மைல் வரை மாநிலத்தின் கை, அதற்கு அப்பால் 1966ஆம் ஆண்டின் கண்டத்திட்டுச் சட்டத்தின் கீழ் கூட்டரசின் அனுமதி. கடல்மணல் ஏற்றுமதியை மலேசியா 2018இல் தடை செய்தது. எது எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு ஒரு பொது அமைப்பின் கையில் இல்லாவிட்டால், விற்கவோ தடுக்கவோ எடுக்கும் முடிவு எதுவாயினும் குத்துமதிப்புதான்.

2004 டிசம்பர் 26ஐப் பினாங்கில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காலை 8.58க்கு சுமத்ராவின் மேற்கே பூமி அதிர்ந்தது. பத்து பிரிங்கியிலும் பூலாவ் பெத்தோங்கிலும் அலை ஏறியது பிற்பகல் ஒரு மணியை ஒட்டி. நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான்கு மணி நேரம் ஆனதற்குக் காரணம் கடலடிதான். ஆழிப்பேரலையின் வேகத்தை ஆழம் முடிவுசெய்கிறது: 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டும் அலை, நம் நீரிணையைப்போல் 50 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். சுமத்ராவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு ஆழமற்ற நீரிணைக்குள் நுழைந்ததால் அலைக்கு வலுவும் குறைந்தது, நேரமும் ஆனது. அந்த நான்கு மணி நேரம் நமக்குப் பயன்படாமல் போனது வேறு கதை. கடலடி வரைபடம் சரியாக இருந்தால்தான் எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு உயரத்தில் வரும் என்று கணினியில் சொல்ல முடியும். இதற்கு முன்பு எப்போது வந்தது என்பதற்கும் மண்தான் சாட்சி: தாய்லாந்தின் பிரா தோங் தீவில் புல்வெளிக் களிக்கு நடுவே கிடந்த மணல் படலத்தைக் கொண்டு, சுமார் 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன்பும் இதுபோன்ற அலை ஒன்று வந்தது என்று 2008இல் அறிவித்தார்கள்.

பிற நாடுகளில் இந்த வேலை எந்த அளவில் நடக்கிறது என்று பையன் பார்க்கட்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851இல் தொடங்கியது. இன்று அதனிடம் சமுத்திர ரத்னாகர் என்ற சொந்த ஆய்வுக் கப்பல் உள்ளது. அயர்லாந்து 1999இல் தொடங்கித் தன் கடலடி முழுவதையும் அளக்கப் புறப்பட்டது. அந்த நாட்டின் நிலப்பரப்பைப்போல் கடற்பரப்பு பல மடங்கு பெரிது. நமக்கு மனத்தில் உறுத்தும் எடுத்துக்காட்டு எம்.எச்.370. 2014இல் அந்த விமானம் பினாங்கைக் கடந்து போய் ராடாரிலிருந்து மறைந்தது. இந்தியப் பெருங்கடலின் தெற்கில் தேடுவதற்கு முன், தேடும் இடத்தின் ஆழமே சரியாகத் தெரியவில்லை என்பதால், முதலில் கடலடியை அளக்க வேண்டியதாயிற்று. அப்படிச் சேர்ந்த தரவைத் தொகுத்து 2017இல் எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது ஆஸ்திரேலியாவின் தேசியப் புவி அறிவியல் அமைப்பு. 279,000 சதுர கிலோமீட்டர், அதில் அதுவரை யாரும் அறியாத எரிமலைகளும் பள்ளத்தாக்குகளும். தேடிய விமானம் அந்தப் பரப்பில் கிடைக்கவில்லை.

கண்டத்திட்டு எல்லை என்பது இன்னொரு பெரிய வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் சட்ட ஒப்பந்தப்படி 200 கடல் மைலுக்கு அப்பாலும் ஒரு நாடு கடலடியில் உரிமை கோரலாம். ஆனால் அங்கே படிந்துள்ள வண்டலின் தடிமன் என்ன, கண்டச் சரிவின் அடிவாரம் எங்கே என்று புவியியல் சான்று காட்ட வேண்டும். மலேசியா 2009இல் வியட்நாமோடு சேர்ந்தும், 2019இல் தனியாகவும் இத்தகைய கோரிக்கைகளை ஐ.நா. ஆணையத்திடம் வைத்தது. நாட்டின் எல்லைக்கோட்டைச் சேற்றின் தடிமன் வரையும் என்பதை மாமாவிடம் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. கரையோரம் ஓரிடத்தில் ஒரு தனியார் நிறுவனத்துக்காகப் பதினொரு நாள் வெயிலில் நாங்கள் ஓட்டிய கோடுகளை, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு நிறுவனம் ஏறக்குறைய அதே இடத்தில் ஓட்டியிருந்தது பிற்பாடு தெரிந்தது. அவர்களுடைய தரவு ஏதோ ஓர் அலுவலக அலமாரியில் கணினித் தட்டோடு பூஞ்சை பிடித்துக் கிடந்தது. கோர் குழாய்களோ இடம் போதவில்லையென்று எறியப்பட்டிருந்தன. துளையிடுவோரும் அகழ்வோரும் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று 1974ஆம் ஆண்டின் புவியியல் ஆய்வுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த வழியில் வந்து சேரும் ஒவ்வோர் அறிக்கையும், தட்டில் பெயரெழுதி அடுக்கிய ஒவ்வொரு கோர் பெட்டியும், அடுத்தவர் கடலுக்குப் போகும் நாள்களைக் குறைக்கும். பையன் துறையில் சேர்ந்தால் அவனுடைய நேரத்தில் பாதி கடலில் போகாது, இந்தப் பெட்டிகளோடு போகும். அதற்கு மனம் ஒப்புமா என்று இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

படிப்பைப் பொறுத்தவரை, கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகத்திலும் புவியியலே முதன்மையாக உண்டு; திரங்கானுவில் கடல் அறிவியலுக்கென்றே பல்கலைக்கழகம் உண்டு; வீட்டுக்குப் பக்கத்தில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் தெலுக் பஹாங்கைத் தாண்டி முக்கா ஹெட்டில் இருக்கிறது. புவியியலை எடுத்துக்கொண்டு இயற்பியலையும் புள்ளியியலையும் விடாமல் இருந்தால் போதும். நீச்சல் தெரியாமல் படகில் ஏற்றமாட்டார்கள்.

கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்ளும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவழிக்கட்டும். காலையில் பத்து பிரிங்கிக்குப் போய் ஒரு பிடி மணல். கருங்கல் மலை உதிர்ந்து நேரே கடலில் விழுந்த பருமணல் அது, கண்ணாடிபோல் படிகக் கல் மின்னும். பிறகு கடல் வற்றும் நேரம் பார்த்து கர்னி டிரைவ் பக்கம் இறங்கி ஒரு பிடி சேறு. இரண்டு இடத்துக்கும் நடுவே காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரே தீவின் ஒரே வடகரையில் ஓரிடம் ஏன் மணல், ஓரிடம் ஏன் சேறு என்று அலை, நீரோட்டம், ஆறு, மண் கொட்டிய கரை ஆகிய நான்கையும் வைத்து அவனே யோசித்து இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்பினால் படித்துத் திருத்தித் தருகிறேன். போகும்போது பழைய செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தச் சேறு வாங்கினதைத் திருப்பித் தராது.